அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தேழு

கூட்டு எண் பார்க்காத அப்பாவிடம் வளர்ந்தவர்கள் நம் பள்ளிக்கூட செட்டில் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். ஒருத்தரும் தூக்க மாட்டீர்கள், தெரியும். மொபெட் வாங்கினாலும் கூட்டு எண், ரேஷன் கார்டு வந்தாலும் கூட்டு எண். இலக்கங்களை ஒவ்வொன்றாகக் கூட்டி, வந்ததை மறுபடி கூட்டி, ஒற்றை இலக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, அது எட்டாக இருந்தால் முகம் சுண்டிப்போகிற மனிதர்களுக்கு நடுவில்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். உங்கள் வீடுகளில் அது பழக்கமாக இருந்திருக்கும். எங்கள் வீட்டில் அது சட்டம்.

எங்கள் வீடு நல்லூரில். வீட்டுக்குப் பின்னாலேயே சிமெண்ட் அட்டை வேய்ந்த கொட்டகையில் அப்பாவின் பனியன் கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு வரிசைத் தையல் மெஷின்கள், துணியை அடுக்கி வெட்டுகிற நீள மேசை ஒன்று, அவ்வளவுதான். நாள் முழுக்க பஞ்சுத் தூசி பறக்கும். காப்பியில் விழும், தலையில் விழும், பல் தேய்த்துத் துப்பினால் அதிலும் வரும். வெளுத்த துணியின் காரமான வாசனையும் மெஷின் எண்ணெய் வாசனையும் கலந்த ஒன்றுதான் எனக்கு அப்பா வாசனை. இப்போதும் எங்காவது அது அடித்தால் திரும்பிப் பார்க்கிறேன்.

அப்பாவைப் பொறுத்தவரை ஒரு கம்பெனியின் ஜாதகம் அதன் கரண்ட் சர்வீஸ் நம்பர்தான். "கரண்ட் இல்லீன்னா மெஷினு வெறும் இரும்புதானுங்க. உசுரு வர்ற வழியில இருக்கற நம்பரு எட்டா இருந்தா அந்தக் கம்பெனி எப்படீங்க வெளங்கும்?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். தனக்கு முதலில் கிடைத்த நம்பர் எட்டு வருகிறது என்று, அந்த இணைப்பே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த நம்பருக்குக் காத்திருந்த மகராசன் அவர். அதுவரைக்கும் புது மெஷின்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தன. கரண்ட் ஆபீசில் சிரித்தார்களாம். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இந்தப் பயத்துக்கு ஒரு சாவு சாட்சியாக இருந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். அப்பா நம்பரைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "வேண்டாம் மாப்ள, திருப்பிக் குடுத்துரு" என்றார். மாமா என்னைத் தூக்கி டேங்கின் மேல் உட்கார வைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். அந்த மாதமே தாராபுரம் ரோட்டில் நின்றிருந்த லாரிக்குப் பின்னால் போய் மோதிச் செத்துப்போனார். லாரிக்குப் பின்விளக்கு இல்லை. அந்த வளைவில் தெருவிளக்கும் இல்லை. அதைப் பற்றி யாரும் பேசவே இல்லை. எட்டைப் பற்றித்தான் பேசினார்கள். அதற்கப்புறம் நம்பர் விஷயத்தில் அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை.

இப்படிப்பட்ட வீட்டில்தான் என் அக்கா பிறந்தாள். அவள் எண்களோடு குடித்தனம் நடத்துகிறவள். எனக்கும் அவளுக்கும் ஐந்தாறு வயசு வித்தியாசம். ஒரு பஸ் போனால் நமக்கெல்லாம் அது எந்த ஊர் பஸ் என்று தோன்றும்; அவளுக்கு அதன் நம்பர் எதனால் வகுபடும் என்று தோன்றும். கரண்ட் போனால் கொட்டகை சட்டென்று ஊமையாகிவிடும் அல்லவா, தைக்கிறவர்கள் வெளியே காற்றாடப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் அக்கா வெட்டு மேசைமேல் ஏறிக் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, அளவுக் காகிதத் துண்டுகளில் நீலச் சாக்குக் கட்டியால் கணக்குப் போடுவாள். சோப்புத் துண்டு மாதிரி தட்டையாக இருக்கும் அந்தச் சாக்கு. வகுத்துத் தீர்ந்துவிட்டால், "ஒடஞ்சுருச்சு கண்ணு!" என்பாள், தேங்காய் உடைத்த மாதிரி. அவள் அகராதியில் ஓர் எண்ணைச் சின்ன எண்களின் பெருக்கலாகப் பிரிப்பதற்குப் பெயர் உடைப்பது. எதனாலும் மிச்சமில்லாமல் வகுபடாதது, தன்னையும் ஒன்றையும் தவிர வேறு யாரையும் உள்ளே விடாதது, பகா எண். பள்ளிக்கூடத்தில் நாமும் படித்தோமே, இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று என்று, அதேதான். நாம் படித்து மறந்தோம். அவளுக்கு அவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள்.

அவள் பன்னிரண்டாவது படித்த வருஷம் அது. மாசி வெயில் தொடங்கியிருந்தது. கணக்கு வாத்தியார் அவளைக் காலேஜில் கணக்கே எடுத்துப் படி என்று சொல்லியிருந்தார். அக்காவுக்கு அதைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. அப்போதுதான் ஹால் டிக்கெட் வந்தது.

நம்பர் 340469. அப்பா வாசலில் நின்றபடியே விரல் விட்டுக் கூட்டினார். இருபத்தாறு. இரண்டும் ஆறும் எட்டு. ஹால் டிக்கெட்டைச் செய்வினைத் தகடு மாதிரி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டுபோய் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். அன்றைக்கு அவர் மதியச் சோறு சாப்பிடவில்லை.

"இந்த வருசம் பரிச்சை எழுத வேண்டாம் அம்மிணி. அடுத்த வருசம் வேற நம்பரு வரும், அப்ப எழுதிக்கலாம்" என்றார்.

"அடுத்த வருசமும் எட்டு வந்தா என்னங்ப்பா பண்றது?"

"வராது."

"வந்தா?"

"வந்தா உனக்குப் படிப்பு வேண்டாம்னு முருகனே சொல்றான்னு அர்த்தம்."

சண்டைக்காரராக இருந்திருந்தால் சண்டை போட்டுப் பார்த்திருக்கலாம். அப்பா கத்தவே மாட்டார். குரல் நடுங்கச் சொல்கிற ஆளிடம் என்ன செய்வது? தன் மகளைக் காப்பாற்றுகிறோம் என்று அவர் மனசார நம்பினார், அதுதான் கொடுமை.

அக்கா அவரை உட்கார வைத்துப் புரிய வைக்கப் பார்த்தாள். குழந்தைச் சட்டைக்கு வைக்கிற பித்தான்களில் முப்பத்தைந்தை எண்ணி எடுத்து, ஒன்பது குவியலாகப் பங்கு போட்டாள். குவியலுக்கு மூன்று போக, எட்டு மிஞ்சியது. "பாருங்ப்பா. மூணும் அஞ்சும் எட்டு. மிஞ்சினதும் எட்டு. எந்த நம்பரானாலும் இப்படித்தான். கூட்டிக் கூட்டிப் பாக்கறீங்களே, அது ஒம்போது பேருக்குப் பங்கு வெச்சா எத்தன மிஞ்சுதுன்னு பாக்கறது, அவ்வளவுதானுங்க. அதுல நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல."

அப்பா மிஞ்சிய பித்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "மிஞ்சறதுதான் அம்மிணி விதி" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

எனக்கு அழுகை வந்தது. அக்கா அழவில்லை. பித்தான்களை டப்பாவில் போட்டுவிட்டு என்னைப் பார்த்து, "நேரா போனா முட்டுது. அவரு வழியிலேயே போயி மடக்கோணும்" என்றாள்.

அப்பாவுக்கு எட்டு எவ்வளவு பயமோ அவ்வளவு ஆசை ஐந்தின் மேல். ஐந்து புதன், வியாபாரத்துக்கு உகந்தது, கெடுதலே செய்யாது என்பார். அக்கா தன் ஹால் டிக்கெட் நம்பரை உடைக்க உட்கார்ந்தாள். இரண்டில் தொடங்கி ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டே போனாள். இருபத்து மூன்றில் மிச்சமில்லாமல் விழுந்தது. இரண்டும் மூன்றும் ஐந்து! நான் மேசையைச் சுற்றி ஆடினேன். "ஆடாத, இன்னும் இருக்குது" என்று அதட்டினாள். ஈவாக வந்த எண் 14803. அதைக் கூட்டினால் ஏழு. அப்பாவுக்கு ஏழும் ஆகாது, ஒண்டிக்கட்டை நம்பர் என்பார். ஆகவே அதையும் உடைத்தாக வேண்டும்.

அது லேசில் உடையவில்லை. கரண்ட் போகிறபோதெல்லாம் உட்கார்ந்தாள். காகிதம் தீர்ந்து, பெட்டி அட்டைகளின் உள்பக்கத்தில் வகுத்தாள். நீலப்பொடி அவள் முழங்கை வரைக்கும் ஏறியிருந்தது. நூற்று இருபத்தொன்று வரைக்கும் பார்த்தால் போதும், அதற்கு மேல் வேண்டியதில்லை என்றாள். ஏன் என்று கேட்டேன். "நூத்தி இருவத்திரெண்ட அதாலயே பெருக்குனா இந்த நம்பரத் தாண்டிருது. ரெண்டு பேரா உள்ள ஒளிஞ்சிருந்தா, ரெண்டு பேருமே நூத்தி இருவத்தொண்ணவிடப் பெரிய ஆளா இருக்க முடியாதில்ல? ஒருத்தனாச்சும் அதுக்குள்ள மாட்டியே ஆகோணும்" என்றாள். நூற்று ஒன்று, நூற்று மூன்று, நூற்று ஏழு, நூற்று ஒன்பது என்று எல்லாம் மிச்சம் வைத்தன. நூற்றுப் பதின்மூன்றுதான் கடைசி. அதுவும் கைவிட்டால் அந்த ஏழு ஏழாகவே நின்றுவிடும். அக்காவின் உதடு காய்ந்துபோயிருந்தது. வகுத்தாள். மிச்சம் இல்லை. ஈவு நூற்று முப்பத்தொன்று.

ஒன்றும் ஒன்றும் மூன்றும் ஐந்து. ஒன்றும் மூன்றும் ஒன்றும் ஐந்து. இருபத்து மூன்று, நூற்றுப் பதின்மூன்று, நூற்று முப்பத்தொன்று. மூன்றுமே பகா எண், மூன்றுமே ஐந்து. இதற்கு மேல் யாராலும் உடைக்க முடியாத மூன்று ஐந்துகள்.

அப்பா நம்பவில்லை. தானே ஒரு அட்டையில் பெருக்கிப் பார்த்தார். 340469 என்று வந்து நின்றதும் மறுபடி பெருக்கினார். பெருக்கி முடித்தவர் கண்ணில் தண்ணீர். "எட்டுக்குள்ள மூணு அஞ்சு ஒளிஞ்சிருந்திருக்குது பாரு சாமி!" என்று முருகன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். ஹால் டிக்கெட்டுக்குச் சந்தனம் வைத்து அக்கா கையில் கொடுத்தார். அன்று அம்மா பாசிப்பருப்புப் பாயசம் வைத்தாள். அக்கா என் காதில், "இதுல ஒண்ணுமே இல்ல கண்ணு, அப்படி அமஞ்சுருச்சு, அவ்வளவுதான். ஆனா அழகா இருக்குதில்ல?" என்று சொல்லிச் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்குப் பிறகு பார்த்தது ஒரே ஒரு தடவைதான்.

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மகள் எண்ணை உடைத்துக் காட்டிய கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அருள்புரத்திலிருந்து வந்த அத்தையிடமும் சொன்னார். அத்தை அப்பாவின் தங்கை. அங்கேதான் வினையே ஆரம்பம்.

அத்தையின் கொழுந்தனார் குடும்பத்துக்கு அருள்புரத்தில் நூலைத் துணியாகப் பின்னுகிற நிட்டிங் கம்பெனி. அந்த வீட்டுப் பையனுக்கு அக்காவைக் கேட்டு வருஷமாகிறது. அப்பாவுக்கு அந்தச் சம்பந்தத்தின் மேல் கொள்ளை ஆசை. அப்போதெல்லாம் நிட்டிங்காரர்கள் வீட்டு வாசலில் துணிக்குத் தவம் கிடக்க வேண்டும். துணி வராமல் எங்கள் மெஷின்கள் பாதி நாள் சும்மா நின்றன. சம்பந்தி வீட்டுத் துணி என்றால் முதல் துணி நமக்குத்தான். ஆனால் அவர்கள் கம்பெனியின் சர்வீஸ் நம்பர் 65537. ஆறு, ஐந்து, ஐந்து, மூன்று, ஏழு. கூட்டினால் இருபத்தாறு, அதாவது எட்டு. "அந்தக் கரண்ட்ல ஓடற ஊட்டுக்கு என்ற புள்ளையக் குடுக்க மாட்டேன்" என்று அப்பா மனசில்லாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். அதுவரைக்கும் அக்காவுக்குக் காவல் இருந்தது அந்த எட்டுதான். அது எங்கள் யாருக்கும் உறைக்கவே இல்லை.

அத்தை காப்பியைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்ணா, அப்ப அவியளோட நம்பரையும் ஒடச்சுப் பாத்துரலாமில்ல?"

அப்பா முகத்தில் விளக்கேற்றியதுபோல் ஆகிவிட்டது. எழுந்துபோய் வெட்டு மேசைக்கு மேலே சுவரில் நீலச் சாக்கால் அந்த நம்பரைப் பெரிதாக எழுதினார். "அம்மிணி, இதையும் ஒடச்சுக் காட்டு. உள்ள நல்லது இருந்தா பாக்கலாம். இல்லீன்னா பேச்சே வேண்டாம்" என்றார். நியாயமாகப் பேசுகிற தோரணை. அக்கா அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தான் செய்துகொடுத்த சாவியைக் கொண்டே தன் கதவைத் திறக்கச் சொல்கிறார்கள் என்பது அவளுக்கு அந்த நிமிஷமே விளங்கியிருக்கும். எனக்கு அது விளங்கக் கல்யாணம் முடிய வேண்டியிருந்தது.

பரீட்சைக்குப் படிப்பதை விட்டுவிட்டு அதை வகுக்க உட்கார்ந்தாள். அம்மா அவளைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாள். நான் அங்கே தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அம்மா குரலைத் தாழ்த்தி, "ஒடையலைன்னு சொல்லிரு அம்மிணி. உங்கப்பனுக்கு என்ன தெரியப் போவுது?" என்றாள். அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்குக் கை நின்றுவிட்டது.

"பொய் சொல்ல மாட்டேனுங்மா. ஒடஞ்சா ஒடஞ்சுதுன்னுதான் சொல்லுவேன்" என்றாள் அக்கா.

"உன்ற வாழ்க்கைடி."

"நம்பருக்கு அது தெரியாதுங்களே."

எனக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. இப்படியும் ஒரு பிடிவாதமா என்று.

இரண்டொரு நாள் கழித்துக் கொட்டகைக்குப் போனேன். கரண்ட் இல்லை. அக்கா மேசைமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "வா, வா, இங்க பாரு. இந்த நம்பருல ஒண்ணே ஒண்ணக் கழிச்சுட்டுப் பாதி பண்ணு. பாதியில பாதி. அதுல பாதி. துணிய மடிக்கறாப்பல மடிச்சுட்டே போ. எங்கயும் பிசிறு வராது. கடைசியா எட்டு, நாலு, ரெண்டு, ஒண்ணு! அப்படிப்பட்ட நம்பருகூட ஒத்த ஒண்ணு சேந்ததும், எவனாலயும் ஒடைக்க முடியாம நிக்குது. எரநூத்தி அம்பத்தாறு வரைக்கும் எல்லாத்துலயும் வகுத்துட்டேன். ஒடையல கண்ணு. பகா எண்ணு!"

நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் தப்பித்துவிட்டாள் என்று எனக்கு அவ்வளவு ஆனந்தம்.

சாயங்காலம் அத்தை வந்திருந்தாள். அக்கா அட்டைகளையும் காகிதங்களையும் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தாள். "ஒடையாதுங்ப்பா. எட்டு எட்டாத்தான் நிக்கும்" என்றாள்.

அப்பா மேல் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். "இத்தன காயிதத்த யாரு பாக்கறது?"

யோசித்துப் பாருங்கள். உடைந்ததை ஒரு பெருக்கலில் காட்டிவிடலாம். உடையாததை எதை வைத்துக் காட்டுவது? ஒவ்வொரு வகுத்தலையும் பொறுமையாகப் பார்க்கிற ஒரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை.

"உன்ற நம்பரு மூணு லச்சத்துச் சில்லறை. அது ஒடஞ்சுது. இது அறுவத்தஞ்சாயிரம். மூணு லச்சமே ஒடையறப்போ அறுவத்தஞ்சாயிரம் எப்படி அம்மிணி ஒடையாமப் போகும்?" என்றார் அப்பா. நிஜமாகவே சந்தேகம் கேட்கிற குரல்.

"பெருசு சின்னதுக்கும் ஒடையறக்கும் சம்பந்தமே இல்லீங்ப்பா. எங்க வாத்தியாரக் கேட்டுப் பாருங்க."

"வாத்தியாரு உன்னப் படிக்க வெய்யின்னு தலகீழா நிக்கறவரு. அவரு வேற என்ன சொல்லுவாரு?" என்றாள் அத்தை. பிறகு அப்பா பக்கம் திரும்பி, நிதானமாக ஒன்று சொன்னாள். இத்தனை வருஷத்தில் எவ்வளவோ கெட்டிக்காரர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன், அதற்கு ஈடாக ஒன்று கேட்டதில்லை. "ஏனுங்ணா, உள்ள கெட்ட நம்பரு இருந்திருந்தா இந்நேரம் ஓடி வந்து காட்டியிருக்கும். புள்ளைக்குக் கல்யாணத்துல இஷ்டமில்ல. அப்ப ஒடையலைன்னு எதுக்குச் சொல்லுது? உள்ள நல்ல நம்பரு இருக்குது. அதனாலதான் மறைக்குது."

கொட்டகையில் கரண்ட் வந்து மெஷின்கள் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. அக்கா அட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். உடைந்திருந்தாலும் கல்யாணம், உடையாவிட்டாலும் கல்யாணம்.

"அம்மா, நீங்களாச்சும் சொல்லுங்கம்மா" என்றாள்.

அம்மா நல்லதுதான் செய்ய நினைத்தாள், பாவம். "சின்னப் புள்ள, ஏதோ பயத்துல சொல்லிருச்சு. வுட்டுருங்க, இந்த எடம் வேண்டாம்" என்று அப்பா காலைத் தொடாத குறையாகக் கெஞ்சினாள். அப்பாவுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. அவர் கோபப்படவே இல்லை. அக்காவின் தலையைத் தடவி, "என்ற புள்ளைக்குப் பொய் சொல்லக்கூடத் தெரியல பாரு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவ்வளவு பிரியம் இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பரீட்சை எழுதினாள். வைகாசியில் மலைக்கோயிலில் கல்யாணம். ரிசல்ட் வந்தபோது அவள் அருள்புரத்தில் இருந்தாள். கணக்கில் பள்ளிக்கூடத்துக்கே முதல் மார்க். அப்பா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். "பாத்தீங்களா, மூணு அஞ்சு வேலை செஞ்சிருச்சு" என்றார். வாத்தியார் வீட்டு வாசல்வரைக்கும் வந்துவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போனார்.

சம்பந்தி வீட்டுத் துணி முதல் துணியாக எங்களுக்கு வந்தது. மெஷின்கள் நிற்கவில்லை. கொட்டகை போய் மாடி வந்தது. அந்தச் சுவரை இடித்தபோது நீல எழுத்தும் போனது. அப்பாவின் கணக்குப்படி எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. அக்கா சொன்னது பொய் என்பதற்கு அதுவே அவருக்கு அத்தாட்சி. சாகிற வரைக்கும் அவர் மனசில் ஒரு கீறல் இல்லை. கொடுத்து வைத்தவர்.

அக்காவுக்கு வீடு மேலே, நிட்டிங் மெஷின்கள் கீழே. இரவு பகல் என்றில்லாமல் தரை அதிரும். ஒரு தடவை நான் போயிருந்தபோது, ஆட்களுக்கு நடுவில் நின்று நூல் எடையைக் கூட்டிக்கொண்டிருந்தார் அக்கா வீட்டுக்காரர். தப்பாகக் கூட்டினார். அக்கா காப்பித் தம்ளர்களோடு நின்றவள், வாய் தவறிச் சரியான எண்ணைச் சொல்லிவிட்டாள். எல்லோர் முன்னாலும் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. "கணக்குப் பாக்கறக்கு இங்க ஆள் இருக்குது" என்றார். தம்ளர்கள் உருண்டன. ஒருத்தரும் நிமிரவில்லை. அதற்குப் பிறகு அவள் வாயில் எண்ணே வந்து நான் கேட்டதில்லை. பிள்ளைகளுக்கு வயது என்னக்கா என்றால்கூட, "பெரியவன் பள்ளிக்கூடம் போறான், சின்னவன் தவழ்றான்" என்பாள். என் மகள் பள்ளிக்கூடக் கணக்கை எடுத்துக்கொண்டு போய் நின்றால், "பெரியம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது கண்ணு" என்பாள். அந்தச் சத்தத்திலேயே இருந்து காதும் மந்தமாகிவிட்டது.

நானும் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, இப்போது உங்களோடு சேர்ந்து முழங்கால் வலியைப் பற்றிப் பேசுகிற வயசுக்கு வந்துவிட்டேன். போன மாதம் என் மகள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். டீ கொண்டுபோய் வைத்தேன். திரையில் புரியாத எழுத்துகளுக்கு நடுவில் 65537. டீ கொஞ்சம் சிந்திவிட்டது.

"இது அருள்புரத்துச் சர்வீஸ் நம்பராச்சே! இது எப்படி இங்க வந்துச்சு?" என்றேன்.

மகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏம்மா, உலகத்துக்கே தெரிஞ்ச நம்பர் இது. நீங்க போன்ல பணம் அனுப்பறீங்களே, இந்த மாதிரி எல்லாத்துக்கும் பூட்டுப் போடறதுக்கு இதைத்தான் எடுத்துப்பாங்க."

"ஏன் இத எடுக்கறாங்க?"

"பகா எண்மா. அதோட, ஒண்ணு கழிச்சா பாதி பாதியா மடிஞ்சு ஒண்ணுல வந்து நிக்கும், கம்ப்யூட்டருக்கு அது சுலபம்."

"ஒடையவே ஒடையாதா?"

"எதாலயும் உடையாது. ஏன், என்னாச்சும்மா?"

அப்பா செத்துப்போனார். அம்மா போய்விட்டாள். அத்தையும் போய்ச் சேர்ந்தாள். இனி யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது? ஆனால் அக்கா இருக்கிறாள். அவள் ஜெயித்துவிட்டாள், இத்தனை காலம் கழித்தாவது அவளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும் என்று ஒரே பரபரப்பு. உடனே போன் போட்டேன்.

எடுத்தாள். பின்னால் மெஷின் இரைச்சல். இப்போது அவள் மகன் ஓட்டுகிறான்.

"அக்கா! அந்த நம்பரு, உங்க கம்பெனி நம்பரு! அது ஒடையாதுக்கா! நெசமாவே ஒடையாது! இப்பத்தான் பாப்பா சொன்னா!" தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன்.

"மெதுவா பேசு, கேக்குது" என்றாள். "அது ஒடையாதுன்னு எனக்குத் தெரியுமே கண்ணு. நாந்தானே வகுத்தேன்."

கதவைச் சாத்தினாள் போலிருக்கிறது, இரைச்சல் குறைந்தது.

"உனக்கு இன்னைக்குத்தான் தெரியுமா?" என்று கேட்டாள். "நீ ஒருத்தியாச்சும் அன்னைக்கு நம்புனீன்னு நெனச்சுட்டிருந்தேன்."